நாலில் மட்டும் வீசும் காற்று

வாகனம் வைத்திருக்கும் வாசகர்களே, உங்களிடம் ஒரு சின்னக் கேள்வி. ஏசி விசிறியின் குமிழை ஒன்று, இரண்டு, மூன்று என்று திருப்பும்போது மூச்சுப் பேச்சில்லாமல் இருந்துவிட்டு, நாலில் வைத்ததும் மட்டும் காற்று புயலாக வீசுகிறதா? அல்லது டாஷ்போட்டின் இடது பக்கத்திலிருந்து கருகிய மீன் வாடை போல் ஒன்று இடையிடையே வந்து, கண்ணாடியை இறக்கியதும் மறைந்து விடுகிறதா?

இரண்டில் ஒன்று இருந்தாலும் இக்கட்டுரையைக் கடைசி வரை வாசியுங்கள். வாகனத்தை ஓட்டுபவர் உங்கள் வீட்டில் வேறொருவர் என்றால் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். காலையில் பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டு வரும் உம்மாமார்தான் பெரும்பாலும் இந்த வாடையை முதலில் உணர்கிறார்கள். "பக்கத்தில் யாரோ குப்பை எரிக்கிறார்கள் போல" என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். குப்பையாக இருக்கலாம். ஆனால் மின் பாகங்களில் பயன்படும் சில வகைப் பிளாஸ்டிக்குகள் சூடேறும்போது மீன் வாடைதான் வீசும் என்பதை அறிந்திருப்பது நல்லது.

நாம் இங்கே பேசப்போவது ஒரு நெருப்புப் பெட்டி அளவுள்ள பொருளைப் பற்றி. விசிறி மோட்டரின் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டருக்கு வயர்களைக் கொண்டுவரும் பிளாஸ்டிக் சொக்கட் அது. அது உருகிப்போவது பல நாட்டு, பல கம்பெனி வாகனங்களிலும் காணப்படும் பழைய நோய்.

கேத்தலை விட அதிகம்

வீட்டுக் குசினியில் மின்சாரக் கேத்தலின் பிளக் பழுப்பு நிறமாகிக் கருகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். துளைக்குள் முள் இறுக்கமாக உட்காராவிட்டால் இப்படி நேரும். 1500 உவாற்றுக் கேத்தல் 230 உவோற்றில் சுமார் ஆறரை அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். வாகனத்தின் விசிறி மோட்டரோ வெறும் 200 உவாற்றுதான். ஆனால் அது 12 உவோற்றில் ஓடுகிறது. 200 ஐ 12 ஆல் வகுத்துப் பாருங்கள். பதினாறு அம்பியருக்கும் மேல் வரும்! கேத்தலுக்குப் போவதைப் போல் இரண்டரை மடங்கு மின்னோட்டம், கேத்தல் பிளக்கின் முள்ளை விட மெல்லிய ஒரு தகட்டின் வழியாகப் போகிறது. "பன்னிரண்டு உவோற்றுத்தானே, என்ன செய்துவிடும்?" என்று கேட்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். பன்னிரண்டு உவோற்று நம்மைத் தொட்டால் ஒன்றும் செய்யாதுதான். பிளாஸ்டிக்கை அது உருக்கிவிடும்.

ரெசிஸ்டர், அதாவது பாடசாலைப் புத்தகம் 'தடையி' என்று சொல்லும் பொருள், விசிறி மோட்டருக்கு அருகிலேயே காற்றுக் குழாயின் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். நமது நாட்டின் வலதுபக்க ஸ்டியரிங் வாகனங்களில் அது பெரும்பாலும் இடது முன் இருக்கைக்கு எதிரே, டாஷ்போட் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். குமிழை ஒன்றில் வைத்தால் மின்னோட்டம் ரெசிஸ்டரின் எல்லாச் சுருள்களையும் கடந்து மெலிந்து மோட்டருக்குப் போகிறது. இரண்டில், மூன்றில் சுருள்கள் குறைகின்றன. நாலில் சுருளே இல்லை, மின்சாரம் நேரே போகிறது. ரெசிஸ்டர் செத்த பிறகும் நாலாம் வேகம் மட்டும் உயிரோடு இருப்பதன் இரகசியம் இவ்வளவுதான்.

மோட்டரை மெதுவாக்க நாம் தடுத்து வைக்கும் சக்தி எங்கே போகிறது? அது சுருள்களில் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை ஓடும் காற்றே அள்ளிச் செல்லட்டும் என்றுதான் ரெசிஸ்டரைக் காற்றுக் குழாய்க்குள் பொருத்தியிருக்கிறார்கள். காற்று நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் யோசித்திருக்கிறார்கள். பெரும்பாலான ரெசிஸ்டர்களில் ஒரு வெப்ப உருகி இருக்கும். குறித்த வெப்பத்தைத் தாண்டியதும் அது தொடுப்பை அறுத்துவிடும். இந்தச் சின்ன உருகியைப் பற்றிப் பிறகு ஒரு பெரிய கதை வருகிறது.

இப்போது சொக்கட்டுக்கு வருவோம். புதிதாக இருக்கும்போது அதன் உள்ளே இருக்கும் தகடு ரெசிஸ்டரின் முள்ளை நன்றாகக் கவ்விப் பிடித்திருக்கும். வருடக்கணக்காகச் சூடாகி, ஆறி, சூடாகி, ஆறி அந்தப் பிடி தளர்கிறது. ஈரம் பட்டுத் துருவும் ஏறுகிறது. அந்த இடத்தில் 0.1 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை இருந்தால் இந்தக் கணக்கைச் செய்யச் சொல்லுங்கள். மின்னோட்டம் 15 அம்பியர். 15 ஐ 15 ஆல் பெருக்கி, 0.1 ஆல் பெருக்கினால் 22.5 உவாற்று. ரேடியோ திருத்துபவர் ஈயம் ஒட்டப் பயன்படுத்தும் சின்னக் கோல் 25 உவாற்று. அதாவது, சுடச்சுட ஓர் ஈயக் கோலைப் பிளாஸ்டிக் சொக்கட்டின் வயிற்றுக்குள் செருகி வைத்துக்கொண்டு நாம் பிரயாணம் செய்கிறோம்.

"பியூஸ் எதற்கு இருக்கிறது? அது எரிந்து நம்மைக் காப்பாற்றாதா?" என்று கேட்பீர்கள். காப்பாற்றாது. அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் ஓடினால்தான் பியூஸ் எரியும். தளர்ந்த தொடுப்பில் மின்னோட்டம் கூடுவதில்லை, சற்றுக் குறையவே செய்யும். ஆகவே 30 அம்பியர் பியூஸ் எந்தச் சலனமும் இல்லாமல் இருந்த இடத்தில் இருக்க, சொக்கட் மட்டும் உருகி வழிந்துகொண்டிருக்கும்.

இங்கிலாந்தில் நடந்தது

இதெல்லாம் மிகைப்படுத்தல் என்று எண்ணுபவர்கள், இங்கிலாந்தில் வொக்ஸோல் கம்பெனியின் ஸஃபீரா பி வாகனங்களுக்கு நடந்ததைக் கேளுங்கள். ஏழு பேர் போகக்கூடிய குடும்ப வாகனம் அது. 2005 இல் விற்பனைக்கு வந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் தீப்பிடிக்கத் தொடங்கியது. நூற்றுக்கு மேற்பட்ட வாகனங்கள் எரிந்தன. தீ தொடங்கிய இடம் எஞ்சின் அல்ல, பெற்றோல் தாங்கியும் அல்ல. முன் பயணியின் கால் பக்கத்தில் இருந்த இந்த விசிறிப் பகுதிதான். தன்னியக்கக் காலநிலைக் கட்டுப்பாடு இல்லாத, கையால் குமிழ் திருப்பும் வகைகளிலேயே இது நடந்தது. 2015 இல் கம்பெனி இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்களைத் திருப்பி அழைத்தது.

கம்பெனி அப்போது சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். ரெசிஸ்டரில் இருக்கும் வெப்ப உருகியை முறையற்ற விதத்தில் திருத்தியிருக்கிறார்கள் என்றார்கள். அறுந்துபோன உருகியை மீண்டும் ஒட்டி ஓடவிட்டிருந்தார்கள். மோட்டர் இறுகியோ காற்று நின்றோ சூடேறியபோது அறுந்துகொள்ள வேண்டிய இடம் அறுந்துகொள்ளவில்லை. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. திருத்திய பிறகும் சில வாகனங்கள் எரிந்தன. 2016 இல் இரண்டாவது முறையும் திருப்பி அழைக்க நேர்ந்தது. ஈரம் புகுந்து மோட்டரின் பெயாரிங்கில் துரு ஏறி, மோட்டர் இறுகிச் சுற்றியது இம்முறை கவனத்துக்கு வந்தது. பிரித்தானியப் பாராளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு விசாரணை நடத்தி, கம்பெனி காட்டிய தாமதத்தைக் கடுமையாகக் கண்டித்து 2017 இல் அறிக்கை வெளியிட்டது.

உருகியை ஒட்டியது ஒரு பிழை. எரிந்த பாகத்தை மட்டும் பார்த்துவிட்டு மோட்டரைப் பார்க்காமல் விட்டது இன்னொரு பிழை. நமது கராஜ்களிலும் இந்த இரண்டும் நடக்கக்கூடியவைதான்.

ஏன் உருகியது?

உருகிய சொக்கட்டைக் கண்டதும் புதியதை வாங்க ஓடுவதற்கு முன், அது ஏன் உருகியது என்று பாருங்கள்.

வாகனத்தை மாமரத்தின் கீழோ வேப்ப மரத்தின் கீழோ நிறுத்துபவர்கள், முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே சருகு அடைத்தால் மழைநீர் வெளியே போக வழியில்லாமல் காற்றுக் குழாய்க்குள் இறங்கும். அது நேரே விழும் இடம் விசிறி மோட்டர். பல வாகனங்களில் முன் இருக்கையின் கால் விரிப்பு காரணமில்லாமல் நனைந்திருப்பதும் இதனால்தான். மாதமொரு முறை கையால் அள்ளிப் போட்டால் தீர்ந்தது, இதற்குக் கராஜ் தேவையில்லை.

அடுத்தது காற்று வடிகட்டி. வடிகட்டி அடைத்தால் மோட்டர் திணறி அதிக மின்சாரத்தை இழுக்கும் என்று பலர் சொல்வார்கள். இந்த வகை விசிறியில் நடப்பது அதற்கு மாறானது. வெக்குவம் கிளீனரின் வாயைக் கையால் பொத்திப் பாருங்கள், மோட்டர் திணறாது, இன்னும் வேகமாகச் சுற்றிக் கீச்சிடும். தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் அதன் வேலை குறைகிறது. ஆனால் ரெசிஸ்டரைக் குளிர்விக்கக் காற்று இல்லையே! அதன் சூடு முட்கள் வழியாகச் சொக்கட்டுக்கு இறங்குகிறது. காரணம் வேறானாலும் முடிவு ஒன்றுதான்: வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள், கறுத்திருந்தால் மாற்றுங்கள்.

உண்மையில் அதிக மின்சாரத்தை இழுப்பது பெயாரிங் காய்ந்து இறுகிய மோட்டர். மோட்டரைக் கழற்றிக் கையால் சுற்றிப் பார்த்தால் தெரியும். நல்ல மோட்டர் விட்ட பிறகும் சற்று நேரம் வழுக்கிக்கொண்டு சுற்றும். கெட்டது உடனே நிற்கும், அல்லது கரகரக்கும். கெட்ட மோட்டரை வைத்துக்கொண்டு சொக்கட்டை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் அதே வாடை மீண்டும் வரும்.

மாற்றும் முறை

கை வேலையில் பழக்கமுள்ளவர்கள் இதை வீட்டிலேயே செய்யலாம். பழக்கமில்லாதவர்கள் செய்ய வேண்டாம். ஆனால் வேலை எப்படி நடக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் பாஸிடம் சரியான கேள்வியைக் கேட்கலாம்.

முதலில் பற்றரியின் மறை முனையைக் கழற்றுங்கள். ரேடியோவுக்கு இரகசிய எண் தேவைப்படும் வகையாக இருந்தால் அதை எழுதி வைத்துவிட்டுக் கழற்றுங்கள். டாஷ்போட்டில் காற்றுப் பை இருந்தால், வாகனக் கையேடு சொல்லும் நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். ஹைபிரிட் வாகனங்களில் செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடவே கூடாது. பொதுவாக அவற்றிலும், தன்னியக்க ஏசி உள்ள வாகனங்களிலும் இப்படிப்பட்ட சுருள் ரெசிஸ்டர் இருப்பதில்லை, இலத்திரனியல் பாகமொன்று இருக்கும். அது வேறு விடயம்.

டாஷ்போட் பெட்டியைக் கழற்றினால் ரெசிஸ்டர் தெரியும். அநேகமாக இரண்டு சிறிய ஸ்குரூக்கள்தான். சொக்கட் ரெசிஸ்டருடன் உருகி ஒட்டியிருந்தால் வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். இரண்டையும் சேர்த்தே வெளியே எடுங்கள். வெட்டுவதற்கு முன் எந்த நிற வயர் எந்த முள்ளுக்குப் போகிறது என்று தாளில் வரைந்துகொள்ளுங்கள், அல்லது தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். புதிய சொக்கட்டில் வரும் வயர்களின் நிறம் பழையவற்றின் நிறமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகையால் நிறத்தை நம்பாமல் முள்ளின் இடத்தை நம்புங்கள்.

பிறகு வயர்களை வெட்ட வேண்டும். அவசரக்காரர்கள் பிழை விடும் இடம் இது. சொக்கட்டுக்கு அருகில் உள்ள வயர் வெந்து போயிருக்கும். மேலுறை விறைத்து, உள்ளே செம்பு கறுத்திருக்கும். கறுத்த செம்பில் எந்தத் தொடுப்பும் நன்றாகப் பிடிக்காது. பளபளக்கும் செம்பு தெரியும் வரை, இரண்டு மூன்று அங்குலம் ஆனாலும், பின்னால் போய் வெட்டுங்கள்.

புதிய சொக்கட் வயர் துண்டுகளுடன் சேர்ந்தே கிடைக்கிறது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய வாகனங்களிலிருந்து வெட்டிய சொக்கட்டுகளும் உண்டு. மலிவுதான், ஆனால் அதன் தகடுகளும் அத்தனை வருடம் சூடு தின்றவைதாமே! இதில் மட்டும் புதியதையே வாங்குங்கள். வயரின் தடிப்பைப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே தடிப்பு அல்லது அதற்கு மேல் இருக்கட்டும், மெல்லியது கூடாது.

தொடுப்புகளை முறுக்கி டேப் சுற்றிவிடுவது ஆகாது. டாஷ்போட்டுக்குள் வெயில் சூட்டில் டேப்பின் பசை இளகி வழுக்கிவிடும், முறுக்கு தளரும், தளர்ந்த இடம் மீண்டும் ஈயக் கோலாகும். உலோகக் குழாய்த் தொடுப்பில் இரு வயர்களையும் செருகி, அதற்குரிய குறடால் அமுக்கி, சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் உறையைப் போடுவதே முறை. சாதாரணக் குறடால் நசுக்குவது பிடித்தது போல் தெரியும், ஆனால் பிடித்திருக்காது. ஒவ்வொரு தொடுப்பையும் கையால் இழுத்துப் பாருங்கள். கழன்று வருவதானால் உங்கள் கையிலேயே கழன்று வரட்டும். எல்லாத் தொடுப்புகளையும் ஒரே இடத்தில் வைக்காமல் முன்னும் பின்னுமாக வைத்தால் கட்டு பருக்காது, ஒன்றோடொன்று உரசவும் மாட்டாது.

ரெசிஸ்டரை என்ன செய்வது? "அது வேலை செய்கிறதே, சொக்கட்டை மட்டும் மாற்றினால் போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது. அதன் முள் கறுத்துவிட்டது. கறுத்த முள் புதிய தகட்டையும் கெடுக்கும். அரத்தாளால் தேய்த்தால் மேலிருக்கும் பூச்சும் போய் இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள்.

நேராகக் கொடுப்பது

சில கராஜ்களில் நடக்கும் உரையாடலை நீங்களும் கேட்டிருக்கலாம்.

"நானா, ரெசிஸ்டர் போயிட்டு. புதுசு தேடுறது கரச்சல். நேராக் குடுத்துவிடவா?"

"காத்து வருமா பாஸ்?"

"நல்லா வரும்."

வரும்தான். 'நேராகக் கொடுப்பது' என்பதற்குச் சிலரிடம் வெப்ப உருகியின் இரு முனைகளையும் ஒரு வயர்த் துண்டால் இணைப்பது என்று பொருள். சிலரிடம், உருகிய சொக்கட்டை வெட்டி எறிந்துவிட்டு வயர்களை முட்களிலேயே ஈயத்தால் ஒட்டுவது என்று பொருள். முட்கள் கொதிக்கும்போது ஈயம் இளகினால் வயர் கழன்று எங்கே போய் விழும் என்று யாருக்குத் தெரியும்? பியூஸ் அடிக்கடி போகிறது என்று பச்சை நிற 30 அம்பியரைக் கழற்றி 40 ஐப் போடுபவர்களும் உண்டு. வயர் 30 க்குத்தான் செய்யப்பட்டது. பியூஸைப் பெரிதாக்கினால் வயர் பெரிதாகாது, அடுத்த முறை வயரே பியூஸாக எரியும். "வேண்டாம் பாஸ், ரெண்டு நாள் போனாலும் புதுசே போடுங்க" என்று தயங்காமல் சொல்லுங்கள். அந்த இரண்டு நாளும் விசிறியை நிறுத்தி வையுங்கள்.

வாகனத்தை விற்பதற்காக இப்படி நேராகக் கொடுத்துவிட்டு, வாங்க வருபவருக்கு ஏசி நன்றாக வீசுவதைக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். இது வெறும் கெட்டித்தனம் அல்ல, இன்னொருவருடைய பிள்ளைகள் உட்காரப் போகும் இருக்கைக்கு முன்னால் நெருப்பை ஒளித்து வைப்பது. பழைய வாகனம் வாங்கப் போகிறவர்கள் நான்கு வேகங்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். டாஷ்போட் பெட்டியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

வேலை முடிந்த பின் விசிறியை மூன்றில் வைத்துக் கால் மணி நேரம் ஓடவிட்டுச் சொக்கட்டைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருக்கக் கூடாது. மின்னோட்டத்தை அளக்க விரும்பினால் நேர் மின்னோட்டத்தையும் காட்டும் கவ்வி மீற்றர் வேண்டும், வீட்டு மின்சாரத்துக்கு மட்டும் உள்ளது காட்டாது. மலிவான மல்டிமீற்றர்கள் பெரும்பாலும் பத்து அம்பியர் வரைதான் தாங்கும், அவற்றை இதில் செருக வேண்டாம். 30 அம்பியர் பியூஸ் உள்ள வாகனத்தில் நாலாம் வேகத்தில் 27, 28 என்று காட்டினால் மோட்டர் சுகமாக இல்லை என்று பொருள்.

பாதையில் போகும்போதே வாடையோ புகையோ வந்தால் விசிறியை நிறுத்துங்கள், ஓரம் கட்டுங்கள், சாவியை நிறுத்துங்கள், எல்லோரையும் இறக்குங்கள். முதலில் பிள்ளைகள், அதற்குப் பிறகே பொருட்கள்.

வேலையைக் கராஜில் செய்தால், கழற்றிய பழைய சொக்கட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எல்லா முட்களும் ஒரே மாதிரிக் கருகியிருக்காது. பல வாகனங்களில் நாலாம் வேகத்தின் முழு மின்னோட்டமும் இதே சொக்கட்டின் ஒரு முள் வழியாகவே போகும். அந்த முள் மட்டும் கருகி மற்றவை புதிது போல் இருந்தால், சொக்கட்டோடு சேர்த்து மோட்டரையும் சந்தேகிக்க வேண்டும். பாஸ் மோட்டரைக் கழற்றிச் சுற்றிப் பார்த்தாரா என்று அங்கேயே கேளுங்கள். பார்க்கவில்லை என்றால், பெட்டியை மீண்டும் பூட்டுவதற்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கிழமை கழித்து, இன்னொரு முறை கையை உள்ளே விட்டுச் சொக்கட்டைத் தொட்டுப் பாருங்கள்.